இன்ஷிராஹும் இரண்டு செங்கற்களும்

அலெக்சாந்திரியாவின் ரம்ல் டிராமில் பதினோரு வருடமாக டிக்கெட் கிழிக்கும் இன்ஷிராஹுக்கு உட்காரத் தெரியாது. வண்டி காலியாகப் போனாலும் நின்றுகொண்டுதான் வருவாள். கம்பியையும் பிடிக்க மாட்டாள். விக்டோரியாவில் கிளம்பி ரம்ல் போய்ச் சேரும்வரை அந்த நீலப் பெட்டி எத்தனை விதமாகக் குலுங்குமோ அத்தனைக்கும் அவளுடைய இடுப்பு பதில் வைத்திருந்தது. மோதிரத்தால் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினால் டிக்கெட் எடுக்காதவர்கள் தாமாகவே சட்டைப் பையைத் துழாவுவார்கள். ஒருமுறை தோளில் நட்சத்திரம் குத்திய அதிகாரி ஒருவர், "நான் யார் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாது. டிக்கெட்ல பேர் எழுதற வழக்கம் இல்ல, எடுங்க" என்றாள். எடுத்தார்.

இப்பேர்ப்பட்டவளை இரண்டு முறை, முறைக்குப் பதினான்கு நாள் வீதம், மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டார்கள்.

இருபத்தொன்பது வயதில் அவளுக்கும் ரிஃபாத்துக்கும் கல்யாணம் நடந்தது. ரிஃபாத், பாகோஸ் டிராம் நிறுத்தத்துக்கு எதிரே மிளகாயும் பூண்டும் போட்டு ஈரல் வறுத்து ரொட்டியில் அடைத்து விற்பவன். நல்லவன். நல்லவன் என்றால், அம்மா பேசும்போது அம்மா பக்கமும் மனைவி பேசும்போது மனைவி பக்கமும் தலையாட்டக்கூடிய கழுத்து உள்ளவன். ஹஜ் போய்வந்து 'ஹாஜா' ஆகிவிட்ட அவன் அம்மா நஃபூஸா ஒரு மாடி மேலே குடியிருந்தாள். ஒன்பது வருடத்தில் குழந்தை இல்லை. கஷாயங்கள் வந்தன, தாயத்துகள் வந்தன, ஒருமுறை தந்தா நகரத்திலிருந்து ஒரு வாத்துகூட வந்தது, எதற்கென்று யாருக்கும் தெளிவில்லை. கடைசியில் டாக்டர் தவ்லத்திடம் போனார்கள். வெளியே கண்ணாடிக் கிண்ணத்தில் கருவை உண்டாக்கி உள்ளே கொண்டுபோய் வைப்பது அந்த அம்மாளின் தொழில்.

வைத்த கரு தங்குவதற்கு ஒரு மாத்திரை தருவார்கள். நாளைக்கு மூன்று. ஊரில் அதை 'முஸப்பித்' என்பார்கள், ஊன்றி நிறுத்துவது என்று அர்த்தம். மாத்திரைக்கு இப்படி ஒரு பெயர் இருந்தும் ஹாஜாவுக்கு அதன்மேல் முழு நம்பிக்கை கிடையாது. மாத்திரை ஊன்றுவது ஒரு பக்கம், குலுங்கினால் நழுவிவிடும் என்பது மறு பக்கம். ஆகவே முதல் தடவை அவளே இரண்டு செங்கற்களைச் சுமந்து வந்து, மருமகளின் கட்டிலில் கால்மாட்டுப் பக்கக் கால்களுக்கு அடியில் காலுக்கொன்றாக முட்டுக் கொடுத்தாள். தலை கீழே, பாதம் மேலே. இன்ஷிராஹ் பதினான்கு நாள் கூரையில் இருந்த ஈரக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அது ஒட்டகமாகத் தெரிந்தது, பத்தாம் நாள் ஹாஜாவாகத் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் வாந்தி வந்தது. மார்பு வலித்தது. மாதத் தேதியும் தள்ளிப்போனது. வேறென்ன வேண்டும்? ஹாஜா ஒரு குலவையிட்டு, ஆறு மாடிக்கும் ரோஜா ஷர்பத் அனுப்பிவிட்டாள். பதினான்காம் நாள் ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. "அந்த மாத்திரையே வாந்தி வரவைக்கும், தேதியும் தள்ளும். அதனாலதான் ரத்தம் பார்க்காம நம்பக் கூடாதுன்னு சொன்னேன்" என்றார் டாக்டர் தவ்லத். மாடி மாடியாகப் போன கண்ணாடி தம்ளர்கள் மாடி மாடியாகத் திரும்பி வந்தன, கழுவித் துடைத்து, ஒவ்வொன்றோடும் ஒரு பெருமூச்சு சேர்ந்து.

இரண்டாவது தடவை ஷர்பத் இல்லை, ரகசியம். செங்கல் மட்டும் இருந்தது. அதுவும் தங்கவில்லை.

"நீ ஒன்பதாம் நாள் தும்மினே" என்றாள் ஹாஜா.

மூன்றாவது தடவைக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு கரு, உறைபெட்டியில். இன்ஷிராஹுக்கு முப்பத்தெட்டு வயதாகியிருந்தது. இன்னொரு முறை ஊசி குத்தி முட்டை எடுக்க உடம்பு இடம் தராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது போனால் போனதுதான்.

உள்ளே வைத்து முடித்ததும் இன்ஷிராஹ் மேசையிலிருந்து இறங்கி நின்றாள். "எத்தனை நாள் படுக்கணும்?"

டாக்டர் தவ்லத் கையுறையைக் கழற்றினார். "நீ என்ன வேலை பார்க்கற?"

"டிராம் கண்டக்டர்."

"வண்டி ஓட்டறியா, தள்ளறியா?"

"டிக்கெட் கிழிக்கறேன்."

"அப்ப போய்க் கிழி. உள்ளே மெத்தை போடறது இந்த மாத்திரையோட வேலை. நீ படுத்தாலும் மெத்தைதான், நின்னாலும் மெத்தைதான். இந்த மாசம் உன் உடம்பு தானா அந்த மெத்தை போடற சரக்கைச் சுரக்காது. உறைஞ்ச கருவை இந்த முறையில வெச்சா அப்படித்தான். அதனால ஆலையில செஞ்சதை வெளியிலருந்து கொடுக்கறோம். ஒரு வேளை தப்பக் கூடாது. காலை ஆறு, மதியம் ரெண்டு, ராத்திரி பத்து."

"ஆலையில செஞ்சதுன்னா, உடம்புக்கு வித்தியாசம் தெரியாதா?"

"ஜாடை ஒண்ணா இருந்தா போதும், உடம்பு கேள்வி கேக்காது. ஒரு ரெண்டரை மாசம் போனா நஞ்சுக்கொடி தானே சுரக்க ஆரம்பிச்சிடும். அப்ப நிறுத்திடலாம்."

இன்ஷிராஹுக்குச் சட்டென்று புரிந்தது. "ஓ, லீவுக்கு வர்ற பதில் கண்டக்டர்! பழைய ஆள் வண்டியில ஏறினதும் இவன் இறங்கிடுவான்."

"இதை என் மாணவர்களுக்கு மூணு மணி நேரம் சொல்லித் தர்றேன்" என்றார் டாக்டர், கொஞ்சம் வருத்தத்தோடு.

வீட்டுக்கு வந்தபோது செங்கற்கள் தயாராக இருந்தன. ஹாஜா அவற்றைக் கழுவிக்கூட வைத்திருந்தாள்.

"படு, பொண்ணே."

"மாட்டேன், ஹாஜா."

"ரிஃபாத்! உம் பொண்டாட்டி என்ன சொல்றா பாரு!"

ரிஃபாத் கழுத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டு வந்து நின்றான். எந்தப் பக்கம் ஆட்டுவதென்று தெரியாமல் கூரையைப் பார்த்தான்.

"ரெண்டு தடவை படுத்தேன். ரெண்டு தடவையும் போச்சு" என்றாள் இன்ஷிராஹ். "நான் தும்மினது தப்புன்னீங்க, பாத்ரூம் போனது தப்புன்னீங்க. கட்டிலை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? செங்கல்லை விசாரிச்சீங்களா? ரெண்டு குத்தத்துலயும் கூடவே இருந்த ஆசாமிங்க அதுங்கதான்."

"அப்ப அந்த டிராம்ல போய் குலுங்கப் போறியா? ஒண்ணு ஆச்சுன்னா ஊர் என்ன சொல்லும்?"

"படுத்தப்பவும் சொல்லிச்சு. நின்னுட்டே கேட்டுக்கறேன்."

அவள் செங்கற்களை எடுத்துக்கொண்டு போய், பிழியும்போதெல்லாம் குளியலறையை விட்டு வெளியே நடந்து வரும் பழக்கமுள்ள துணிதுவைக்கும் இயந்திரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து அது நின்ற இடத்தில் நின்றது. வீட்டில் ஊன்றி நிறுத்த வேண்டிய ஆள் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நான்கே நாளில் ரமலான் பிறந்தது.

மதியம் இரண்டு மணி என்பது நோன்புக்கு நடுவயிறு. அந்நேரம் வண்டி சீதி ஜாபரைத் தாண்டிக்கொண்டிருக்கும். பெண்கள் பெட்டியில் நாக்கு ஒட்டிப்போன பெண்கள் நெருக்கி அடித்து உட்கார்ந்திருப்பார்கள். நோன்பிலிருந்து விலக்கு உள்ளவர்கள் இல்லாமலில்லை. ஆனால் அவர்கள் கதவுக்குப் பின்னால், முக்காட்டுக்குள், கழிப்பறையில் வைத்துக் குடிப்பார்கள். கடவுள் விலக்குக் கொடுத்த பிறகும் பக்கத்து வீட்டிலிருந்து கையெழுத்து வாங்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

இன்ஷிராஹ் பெட்டியின் நடுவில் நின்றாள். தோள்பையிலிருந்து மாத்திரையை எடுத்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கடகடவென்று குடித்தாள். பெட்டி முழுவதும் அந்தச் சத்தத்தைக் காதால் குடித்தது.

வாசலோரம் பாலாடைக்கட்டிக் கூடையோடு உட்கார்ந்திருந்த உம் ஸாபிர், அதாவது ஸாபிரின் அம்மா, தினசரிப் பயணி. வாய்க்கு வரி கட்டாதவள். "கண்டக்டரம்மா, தொண்டை ரொம்ப வறண்டுடுச்சோ? எங்களுக்கெல்லாம் தொண்டையே இல்ல பாரு."

"மாத்திரை, உம் ஸாபிர்."

"மாத்திரைன்னா அந்தப் பக்கம் திரும்பி நின்னு போடறது. எனக்கும் சர்க்கரை இருக்கு. நான் என்ன மேடை போட்டா முழுங்கறேன்?"

வேறொருத்தியாக இருந்தால் 'மாதவிலக்கு' என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்திருப்பாள். இன்ஷிராஹ் மோதிரத்தால் கம்பியில் தட்டினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க, அப்புறம் தனித்தனியா வந்து கேக்காதீங்க. எனக்கு வயித்துல கரு வெச்சிருக்காங்க. ஆறு நாளாச்சு. ஒட்டுமா, போகுமான்னு தெரியாது. ஒட்டறதுக்குத்தான் இந்த மாத்திரை. மணி ரெண்டானா போட்டே ஆகணும். ரமலான் முழுக்க இங்கதான் நின்னு போடப் போறேன். பார்க்கப் பிடிக்காதவங்க கடலைப் பாருங்க."

பாதிப் பேர் கடலைப் பார்த்தார்கள், மீதிப் பேர் அவள் வயிற்றைப் பார்த்தார்கள்.

"ஏடி இவளே!" உம் ஸாபிர் ஐந்து விரலையும் விரித்துக் காற்றில் நீட்டினாள், கண்படாமல் இருக்க. "இதையெல்லாம் ஒருத்தி டிராம்ல கத்துவாளா? கண்ணு பட்டுடும்டி!"

"ரெண்டு தடவை ரகசியமா வெச்சேன். கண்ணு எப்படியோ விலாசம் கண்டுபிடிச்சு வந்துடுச்சு. இந்தத் தடவை நானே கூப்பிட்டுச் சொல்லிட்டேன், இனி அதுக்கு வேலை இல்ல."

யாரோ சிரித்தார்கள். சிரிப்புக்கு நோன்பு முறியாது என்பதால் பலரும் சேர்ந்துகொண்டார்கள்.

மறுநாள் அவள் டிக்கெட் கிழிப்பதில் மும்முரமாக இருந்தபோது வாசல் பக்கமிருந்து குரல் வந்தது. "கண்டக்டரம்மா! மணி ரெண்டு!" உம் ஸாபிர்தான். அதற்கடுத்த நாள் நான்கு குரல்கள் வந்தன. ஒரு வாரத்தில், வாயில் சொட்டுத் தண்ணீர் படாத ஒரு பெட்டிப் பெண்கள் கடிகாரத்தைப் பார்த்து ஒருத்தியைத் தண்ணீர் குடிக்க வைப்பது அந்த வண்டியின் கால அட்டவணையில் சேர்ந்துவிட்டது.

இந்தச் செய்தி ஹாஜாவை எட்ட இரண்டு நாள்கூட ஆகவில்லை. கண் படாமல் இருக்க அவள் ஒரு பெரிய நீலமணியை மருமகளின் டிக்கெட் பையில் ஊக்கால் குத்திவிட்டு மேலே போய்விட்டாள்.

வாந்தி வந்தது. இன்ஷிராஹ் யாரிடமும் சொல்லவில்லை, மாத்திரை தன் வழக்கத்தைக் காட்டுகிறது என்று வாயைக் கொப்பளித்தாள். பரிசோதனை நாளில் ரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் தாளில் எண் இருந்தது. இந்த முறை அது ஒன்றுமில்லாத எண் அல்ல. ரிஃபாத் வாசலில் நின்று அழுதான். ஈரல் கடை வைத்திருப்பவன் பூண்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டால் என்ன ஆகுமோ அதுவும் ஆனது.

ரமலான் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, வண்டி ஸ்போர்ட்டிங் நிறுத்தத்தை நெருங்கும் நேரத்தில், தொடையில் ஈரம் தட்டியது. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. உம் ஸாபிர் அவள் முகத்தைப் பார்த்தாள். எழுந்து தன் கறுப்புப் போர்வையை அவளுடைய இடுப்பில் சுற்றினாள். வாயிருந்தும் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அன்று ஒருநாள்தான்.

ஆனால் வண்டியைவிட வேகமாகப் போகும் வேறு வாய்கள் இருந்தன. இன்ஷிராஹ் வீட்டுக் கதவைத் திறந்தபோது ஹாஜா உள்ளே நின்றிருந்தாள், பக்கத்து மருந்துக்கடையில் ஊசி போடும் பெண்ணோடு. அந்தப் பெண்ணின் கையில் அதே மருந்து, எண்ணெயில் கலந்த ஊசியாக.

"சொன்னேனா இல்லையா?" ஹாஜாவின் குரல் உடைந்திருந்தது. "டிராம், டிராம்னு நின்னியே! குப்புறப் படு, ஊசியாவது போடட்டும். ரெட்டை மருந்து போனா ரெட்டையா பிடிக்கும்."

"டாக்டர் சொல்லாம என் மேல ஒரு சொட்டு ஏறாது."

"எம் பேரன் போறாண்டி!"

"உங்க பேரன் இருக்கானா இல்லையான்னு பார்க்கத்தான் நான் போறேன். வழி விடுங்க."

அவள் பயப்படவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போகும் வழி முழுவதும் அவளுக்குள் ஒரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இது போய்விட்டால், படுத்து இழந்த இரண்டும் விதி என்று ஆகிவிடும், நின்று இழந்த ஒன்று மட்டும் அவள் செய்த குற்றமாகும். சாகும்வரை ஒவ்வொரு பண்டிகைக்கும் அதை எடுத்துத் தூசு தட்டி அவள் முன்னால் வைப்பார்கள். டாக்டரின் காத்திருப்பு அறையில் இன்ஷிராஹ் உட்கார்ந்தாள். கூடவே வந்திருந்த ரிஃபாத் திடுக்கிட்டுப் போனான். அவள் தானாக உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை.

திரையில் மூட்டமாக ஏதோ தெரிந்தது. மூட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது, நிறுத்தத்தில் நிற்கப் பொறுமையில்லாத வண்டியின் விளக்கு மாதிரி.

"இதயம்" என்றார் டாக்டர் தவ்லத்.

"அப்ப ரத்தம்?"

"சில பேருக்கு இப்படி வரும், தானா நின்னுடும். டிராம் பண்ணினது இல்ல. டிராமுக்கு அவ்வளவு திறமை இருந்தா ஊர்ல பாதிப் பேர் பிறந்தே இருக்க மாட்டாங்க. அதே மாத்திரை, அதே மூணு வேளை. ஊசி வேண்டாம். பயமா இருந்தா ரெண்டு நாள் லீவு போடு, உன் மனசுக்காக."

அவள் ஒருநாள் லீவு போட்டாள். அந்த ஒருநாளும் நின்றுகொண்டே பெருநாள் பிஸ்கட் சுட்டாள்.

அதற்குப் பிறகு ஹாஜா சண்டைக்கே வரவில்லை. சாயங்காலங்களில் இறங்கி வரும்போது முகம் உப்பிச் சிவந்திருக்கும். கண்கள் பிதுங்கியிருக்கும். நின்றால் லேசாக ஆடுவாள். அழுது அழுது இப்படி ஆகிவிட்டாள் என்று இன்ஷிராஹ் நினைத்தாள், கொஞ்சம் குற்ற உணர்வும் வந்தது. அதே வாரம் துணி இயந்திரம் மறுபடி நடக்கத் தொடங்கியது. குனிந்து பார்த்தால் செங்கற்களைக் காணோம்.

"ரிஃபாத், செங்கல் எங்கே?"

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றான் ரிஃபாத், கூரையைப் பார்த்துக்கொண்டு.

பெருநாள் முடிந்து ஒரு மாதம் கழித்து, பன்னிரண்டாவது வாரப் பரிசோதனையில் டாக்டர் மாத்திரை அட்டையை வாங்கித் தன் மேசையில் வைத்துவிட்டார். "போதும். இனி உன் உடம்பே பார்த்துக்கும்."

வெளியே வந்ததும் ரிஃபாத் மெல்ல இழுத்தான். "அம்மா ஒன்பது மாசமும் போடணும்னு சொல்றாங்க. அடுத்த தெரு மீகாயீல் வீட்டம்மா கடைசி நாள் வரைக்கும் போட்டாங்களாம். இருந்துட்டுப் போகட்டுமே, இன்ஷிராஹ். ஏன் வம்பு?"

"பழைய கண்டக்டர் வந்துட்டாரு. பதிலாள் இறங்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே வண்டியில எதுக்கு டிக்கெட் கிழிக்கணும்?"

ரிஃபாத் கழுத்தை ஆட்டினான். இந்த முறை ஒரே பக்கம்.

இதை நேருக்கு நேர் சொல்லிவிட வேண்டும் என்று அவள் மத்தியானமே மேல்மாடி ஏறினாள். வழக்கமாக அந்நேரம் அவள் வண்டியில் இருப்பாள். கதவு தாழிடாமல் இருந்தது. உள்ளே ஹாஜா நஃபூஸா கட்டிலில் மல்லாக்கக் கிடந்தாள். பாதங்கள் வானத்தைப் பார்க்க, தலை தாழ்ந்து, முகம் மாதுளை நிறத்தில் இருந்தது. கால்மாட்டில், கட்டில் கால்களுக்கு அடியில் இரண்டு செங்கற்கள்.

"ஹாஜா! என்ன இது?"

ஹாஜா தலைகீழாகவே அவளைப் பார்த்தாள். "ஏன் சீக்கிரம் வந்தே?"

"என்ன பண்றீங்கன்னு கேட்டேன்."

"என்னத்தைப் பண்றது? நீ படுக்க மாட்டே. யாராவது ஒருத்தர் படுத்தாகணும்ல? ரத்தம் பட்டு நீ திரும்ப வேலைக்குப் போன நாள்லருந்து படுக்கறேன். நீ வண்டி ஏறினா நான் கட்டில் ஏறுவேன், நீ இறங்கினா இறங்குவேன். ரமலான்ல நோன்போட படுத்தேன், தலை கிர்ருங்குது. தும்மல் வந்தாகூட மூக்கைப் பிடிச்சுப்பேன்."

இன்ஷிராஹுக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. வேறொன்றை விழுங்கிவிட்டாள்.

"மாத்திரையை நிறுத்திட்டேன், ஹாஜா. டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"ஐயோ! அப்ப நான் இன்னும் ஆறு மாசம் படுக்கணுமா?"

"நீங்களும் இறங்குங்க. பதிலாள் வேலை முடிஞ்சுது." அவள் குனிந்து கட்டிலைத் தூக்க முனைந்தாள். ஹாஜா பதறிப் போய்க் குதித்து இறங்கினாள். "கனம் தூக்காதேடி, கழுதை!" இறங்கிய வேகத்தில் ஆடிப்போய் மருமகளின் தோளையே பிடித்துக்கொண்டாள்.

செங்கற்கள் துணி இயந்திரத்துக்கே திரும்பின.

மாத்திரை நிறுத்தி இருபதாவது நாள் ஹாஜா டிராம் ஏறினாள். எதுவும் நழுவியிருக்கவில்லை. இன்ஷிராஹின் வயிறு சீருடைக்குள் அடங்க மறுக்கும் பருவம். மருமகள் அப்படி என்னதான் குலுங்குகிறாள் என்று நேரில் பார்த்துவிடுவதென்று வந்திருந்தாள். உம் ஸாபிர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு இடம் கொடுத்தாள். சீதி ஜாபர் வளைவில் வண்டி தூக்கிப் போட்டது. ஹாஜா கண்ணை இறுக மூடிக்கொண்டு தன் வயிற்றையே பிடித்துக்கொண்டாள். திறந்து பார்த்தபோது இன்ஷிராஹ் பிடிமானம் இல்லாமல் நின்று யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஹாஜாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. தைரியத்தோடு குரலும் வந்தது. "இவளை நிக்க வெச்சது யாருன்னு நினைக்கறீங்க? அத்தனை நாளும் செங்கல் மேல படுத்தது நான். மருந்தாவது, மண்ணாங்கட்டியாவது!" பெட்டியே திரும்பிப் பார்த்தது. உம் ஸாபிர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கம்பியில் மோதிரம் இரண்டு முறை தட்டியது.

"ஹாஜா, டிக்கெட்."

"ஏடி, நான் யார் தெரியுமா?"

"தெரியும். அதான் கேக்கறேன், எடுங்க."